சிங்கப்பூருக்கு நாலு டிக்கெட்: மைல் போடுறதா, காசு போடுறதா?

டோல்கேட் தேவி:

வணக்கம். மே மாசப் பள்ளி லீவுல சென்னை–சிங்கப்பூர் நேர் விமானத்துல போய் வர நாலு பேருக்கு டிக்கெட் போடணும். நான், வீட்டுக்காரர், மாமியார், 9 வயசுப் பையன். திருவொற்றியூர்லேருந்து கிளம்புறோம்.

கிரெடிட் கார்டுல 1,80,000 பாயிண்ட் இருக்கு. வங்கியோட டிராவல் போர்ட்டல்ல டிக்கெட் எடுத்தா பாயிண்டுக்கு 30 பைசா கழிக்கிறாங்க. விமானக் கம்பெனி மைலா (அவங்க டிக்கெட்டை எடுக்க உதவுற பாயிண்ட்) மாத்தினா 2 பாயிண்டுக்கு 1 மைல், ஆக 90,000 மைல் வரும்.

ஒரு ஆளுக்கு, போக வர, ஸ்கிரீன்ல காட்டுற விலை இது:

மே மூணாவது வாரம்: கம்பெனி தளத்துல 24,600 ரூபாய், போர்ட்டல்ல அதே விமானம் 25,900.
மே முதல் வாரம்: கம்பெனி தளத்துல 38,000, போர்ட்டல்ல 39,300.
மைல் டிக்கெட் ரெண்டு வாரத்துக்கும் ஒரே விலைதான்: 32,000 மைலும் 7,400 ரூபாய் டேக்ஸும்.

பையனுக்கும் முழு டிக்கெட் விலை வருது. 90,000 மைல் ரெண்டு பேருக்குத்தான் போதும். மைலா மாத்தினாத்தான் லாபம்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே அப்படியா? எந்த வாரம் போறது, எத்தனை பேருக்கு மைல், எத்தனை பேருக்குக் காசு?

---

கல்மண்டபம் கணக்கு:

இன்னும் மாற்ற வேண்டாம். பாயிண்ட் ஒரு தடவை மைலாகப் போய்விட்டால் திரும்பி வராது. கணக்கை முடித்துவிட்டுக் கை வையுங்கள்.

எல்லாரும் போடுகிற கணக்கு: காசு விலையில் மைல் டிக்கெட்டின் டேக்ஸைக் கழித்து, மீதியை மைலால் வகுப்பது. உங்கள் மூன்றாவது வாரத்துக்கு 24,600 − 7,400 = 17,200. அதை 32,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 53.75 பைசா. ஒரு மைலுக்கு நீங்கள் கொடுப்பது 2 பாயிண்ட். ஆக, ஒரு பாயிண்டுக்குக் கிட்டத்தட்ட 27 பைசா. போர்ட்டல் கொடுக்கும் 30 பைசாவை விட இதுவே குறைவு.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது இரண்டு. காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு விமானக் கம்பெனி மைல் கொடுக்கும். மைல் டிக்கெட்டுக்குக் கொடுக்காது. கார்டில் தேய்த்தால் அதற்குத் தனியாகப் பாயிண்ட் வரும். போக வர 1,500 மைல் கிடைக்கும் என்று வைத்து, மைலை 50 பைசாவாகப் போட்டால் 750 ரூபாய். கார்டில் 600 பாயிண்ட் வந்தால் 180 ரூபாய். இந்த 930-ஐயும் கழியுங்கள்: 16,270 ÷ 32,000 = 50.8 பைசா. பாயிண்டுக்கு 25.4 பைசாதான்.

போர்ட்டலின் 30 பைசாவையும் அப்படியே நம்பக் கூடாது. அங்கே விலை 1,300 ரூபாய் கூடுதல். 25,900-ஐப் பாயிண்டாகக் கட்ட 86,333 பாயிண்ட் போகும். அதனால் உங்களுக்கு மிச்சமாவது கம்பெனி தளத்து விலையான 24,600. அதிலும் கார்டு பாயிண்ட் 180 ரூபாய் போக 24,420. வகுத்தால் 28.3 பைசா. போர்ட்டல் டிக்கெட் காசு டிக்கெட் மாதிரிதான் என்பதால் அதில் பறந்தால் வழக்கமாக மைல் ஏறும். முன்பதிவில் உறுப்பினர் எண்ணைப் போட மறக்காதீர்கள். ஆக மூன்றாவது வாரத்துக்குப் போர்ட்டல் 28.3, மைல் 25.4. போர்ட்டலே மேல்.

முதல் வாரத்துக்கு இதே கணக்கு தலைகீழாகிறது. 38,000-லிருந்து டேக்ஸ் 7,400, கைவிட்டுப்போகும் மைலும் பாயிண்டும் 1,028 (விலை கூடுவதால் கார்டு பாயிண்டும் கூடும்), இரண்டையும் கழித்தால் 29,572. ஒரு மைலுக்கு 92 பைசா, பாயிண்டுக்கு 46 பைசா. காசு விலை ஏறியும் மைல் விலை ஏறவில்லை அல்லவா, காரணம் அதுதான். அட்டவணை போட்டு மைல் வசூலிக்கும் திட்டங்களில் கூட்டமான நாளில்தான் மைலுக்கு மதிப்பு. காசு விலையோடு சேர்ந்து மைல் விலையும் ஏறி இறங்கும் திட்டங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கிடைக்காது.

46 பைசா என்றதும் முதல் வாரத்தையே பிடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். கையிலிருந்து போகும் மொத்த ரூபாயைப் பாருங்கள்:

மூன்றாவது வாரம், நாலு பேருக்கும் போர்ட்டல்: 1,03,600-லிருந்து பாயிண்ட் 54,000 கழிந்து 49,600 ரூபாய்.
மூன்றாவது வாரம், இரண்டு பேர் மைல், இரண்டு பேர் போர்ட்டல்: டேக்ஸ் 14,800, போர்ட்டல் 51,800-லிருந்து மீதி 52,000 பாயிண்டின் 15,600 கழிந்து 36,200. மொத்தம் 51,000.
முதல் வாரம், நாலு பேருக்கும் போர்ட்டல்: 1,57,200 − 54,000 = 1,03,200.
முதல் வாரம், இரண்டு பேர் மைல், இரண்டு பேர் போர்ட்டல்: 14,800 + 63,000 = 77,800.

முதல் வாரம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், மைலாக மாற்றுவதால் 25,400 ரூபாய் மிச்சம். கைவிடும் 3,000 மைலுக்கு 1,500 போனாலும் 23,900. தாராளமாக மாற்றுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் மூன்றாவது வாரம் போங்கள், மாற்றாதீர்கள். மைலுக்கு 92 பைசா கிடைத்தும் வீட்டுச் செலவு 28,200 ரூபாய் கூடுகிறது என்றால் அந்த 92 பைசாவை வைத்து என்ன செய்வது?

---

எண்ணூர் அனல்:

கணக்கு அண்ணன் போட்டது சரி. 7,400 ரூபாயை மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டார். அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

பணம் கட்டுற பக்கத்துக்கு முன்னாடி வரி விவரம்னு ஒரு இடம் இருக்கும், அதைத் தட்டினா ரெண்டெழுத்துக் குறியீடா வரும். ஐஎன்-னு இருந்தா நம்ம ஏர்போர்ட்டோட பயனர் மேம்பாட்டுக் கட்டணம். எஸ்ஜி-ன்னா சிங்கப்பூர் ஏர்போர்ட்டுக்கு. கே3-ன்னா ஜிஎஸ்டி. இதெல்லாம் எந்தக் கம்பெனியானாலும் தப்பிக்க முடியாது. ஒய்க்யூ, ஒய்ஆர் ரெண்டும் அப்படி இல்ல. அது விமானக் கம்பெனியே போடுற சர்சார்ஜ். பேர் எரிபொருள் கட்டணம்னு இருந்தாலும் அது டிக்கெட் விலையோட ஒரு துண்டுதான். மைலும் வாங்கிக்கிட்டு இதையும் வாங்குற திட்டத்துல, டிக்கெட்டுல ஒரு பங்கை மைலுக்கு மேல காசாவும் கட்டுறீங்க.

இது திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்லேருந்து தன்னோட சொந்த விமான மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கட்டணத்தை எடுத்துட்டாங்க. எமிரேட்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி கம்பெனிகள் வாங்குறாங்க.

இன்னொரு வழியும் இருக்கு. ஒரே கூட்டணியில இருக்கிற வேற கம்பெனியோட மைலை வச்சு அதே விமானத்துல அதே சீட்டை எடுக்கலாம். ஸ்டார் அலையன்ஸ்ங்கிற கூட்டணியில ஏர் இந்தியா, சிங்கப்பூர், தாய், லுஃப்தான்ஸா, யுனைடெட், ஏர் கனடா எல்லாம் இருக்கு. யுனைடெட் திட்டம் கூட்டாளி விமானத்துக்கு ஒய்க்யூ வாங்காது. ஏர் கனடாவோட ஏரோபிளானும் வாங்காது, ஆனா கூட்டாளி டிக்கெட்டுக்கு 39 கனடா டாலர் புக்கிங் கட்டணம் உண்டு. உங்க கார்டு எந்தெந்தத் திட்டத்துக்கு மாத்த விடுதுன்னு பட்டியலை எடுத்து, ஒவ்வொண்ணுலயும் அதே தேதிக்கு மைல் எவ்வளவு, டேக்ஸ் எவ்வளவுன்னு எழுதுங்க. மாத்துற விகிதமும் திட்டத்துக்குத் திட்டம் வேறயா இருக்கும், அதையும் பக்கத்துல எழுதணும்.

கடைசியா, டேக்ஸை எந்த நாணயத்துல வசூலிக்கிறாங்கன்னு பாருங்க. சிங்கப்பூர் டாலராவோ அமெரிக்க டாலராவோ போனா நம்ம கார்டுல வழக்கமா 3.5% மார்க்அப் (வெளிநாட்டு நாணயக் கட்டணம்), அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, சேர்ந்து 4.13%. 7,400-க்கு 306 ரூபாய். ரெண்டு பேருக்கு 612. ரூபாயிலேயே காட்டினாலும் வணிகர் வெளிநாட்டுல பதிவானவரா இருந்தா சில வங்கிகள் 1% போடும்.

---

பெரம்பூர் லோகோ:

அக்கா, கணக்கு எப்படி வந்தாலும் சீட் இருக்கான்னு பார்க்குற முறையில கோட்டை விட்டா எல்லாம் வீண்.

நாலு பேர்னு போட்டுத் தேடாதீங்க. முதல்ல ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர், மூணு பேர், நாலு பேர்னு தனித்தனியா தேடுங்க. மலிவான வகுப்புல ரெண்டு சீட்தான் இருக்குன்னு வைங்க. நாலு பேர்னு கேட்டா சிஸ்டம் நாலு சீட் இருக்குற விலை உயர்ந்த வகுப்புக்குப் போயிடும், நாலு பேருக்குமே அந்த விலையைக் காட்டும். மைலுக்கு மட்டும் இல்ல, காசு டிக்கெட்டுக்கும் இதே கதைதான். நீங்க சொன்ன 24,600 நாலு பேருக்குத் தேடினப்ப வந்ததா, ஒருத்தருக்குத் தேடினப்ப வந்ததா? ஒருத்தருக்கு 22,000 வந்தா மேல போட்ட கணக்கு எல்லாத்தையும் திரும்பப் போடணும்.

ரெண்டு பிஎன்ஆரா பிரிச்சுப் போட்டா, பையன் இருக்குற பிஎன்ஆர்ல ஒரு பெரியவர் கட்டாயம் இருக்கணும். டிக்கெட் வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டு ரெண்டு பிஎன்ஆரையும் ஒண்ணுக்கொண்ணு குறிப்புல இணைக்கச் சொல்லுங்க. இல்லன்னா விமான நேரம் மாறும்போது ரெண்டு பேரை ஒரு விமானத்துலயும் மீதி ரெண்டு பேரை இன்னொண்ணுலயும் போட்டுடுவாங்க. இணைச்சாலும் முழு உத்தரவாதம் கிடையாது, ஆனா கவுண்டர்ல பேச ஆதாரம் இருக்கும்.

மைலை யாருக்குப் போடறதுங்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பெரும்பாலான திட்டத்துல 2 வயசுக்கு மேல குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே மைல். காசு டிக்கெட்ல சில ஃபேருக்குக் குழந்தை விலை குறையும். உங்களுக்குக் குறையலன்னு சொல்லிட்டீங்க, ஆனா தேதி மாத்தினா திரும்பப் பாருங்க. குறைஞ்சா பையனுக்குக் காசு, மைல் பெரியவங்களுக்கு.

அப்புறம் பேர். நம்ம ஊர்ல இதுதான் பெரிய தலைவலி. கார்டுல இனிஷியலோட ஒரு பேர், பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு குடும்பப் பேர் இடத்துல, மைல் கணக்குல அதைத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு. வங்கியில இருக்குற பேரும் மைல் கணக்குல இருக்குற பேரும் ஒத்துப்போகலன்னா மாற்றம் நிராகரிக்கப்படும், சில சமயம் பாயிண்ட் நடுவுல மாட்டிக்கும். மைல் கணக்கைப் பாஸ்போர்ட்படியே திறந்து, வங்கிப் பேரையும் அதுக்கு ஒத்து மாத்திட்டு அப்புறம் பாயிண்டை அனுப்புங்க. மாமியாருக்கு உங்க மைல்ல டிக்கெட் போடணும்னா சில திட்டத்துல அவங்களை முன்கூட்டியே சேர்க்கணும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர்ல அஞ்சு பேர் வரைக்கும் நாமினியா சேர்க்கலாம். அதையும் மாத்துறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

மாத்தினவுடனே மைல் வந்துடும்னு நினைக்காதீங்க. சில திட்டத்துக்கு நிமிஷத்துல வரும், சிலதுக்கு நாள் கணக்காகும். அதுக்குள்ள சீட் போயிடலாம். கம்பெனி சீட்டைப் பிடிச்சு வைக்க விடுதான்னு கேட்டுட்டு மாத்துங்க. தேவையான 64,000 மைலுக்கு 1,28,000 பாயிண்ட் மட்டும் அனுப்புங்க, மொத்தத்தையும் இல்ல. கிரிஸ்ஃபிளையர் மாதிரி திட்டத்துல மைலுக்கு 3 வருஷம்தான் ஆயுசு. வங்கியில இருந்தா எங்க வேணும்னாலும் போகலாம்.

---

மாதவரம் மேடு:

ஒரு சின்ன சந்தேகம். முழுசா மைல் போடாம, 20,000 மைலும் 17,600 ரூபாயும்னு இழுத்து மாத்துற ஒரு சறுக்குப் பட்டி (ஸ்லைடர்) காட்டுது. அப்படிப் போட்டா நாலு பேருக்கும் 80,000 மைல்ல முடிஞ்சிடுமே?

---

கல்மண்டபம் கணக்கு:

முடியும், ஆனால் அதன் விலையைப் பாருங்கள். 32,000-க்குப் பதில் 20,000 கொடுத்தால் 12,000 மைல் மிச்சம். அதற்குக் கூடுதலாகக் கட்டுவது 17,600 − 7,400 = 10,200 ரூபாய். ஒரு மைலை 85 பைசாவுக்கு வாங்குகிறீர்கள். மூன்றாவது வாரத்தில் அந்த மைலுக்குக் கிடைப்பது 50.8 பைசா. 85-க்கு வாங்கி 51-க்குச் செலவழிப்பது நட்டம். முதல் வாரத்தில் 92 பைசா கிடைப்பதால் 7 பைசா தேறும்.

அந்தப் பட்டியை எப்போது இழுத்தாலும் செய்ய வேண்டியது இது ஒன்றே: கூடின ரூபாயைக் குறைந்த மைலால் வகுக்க வேண்டும். பட்டியின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்த விலை மாறும். ஒரு முனையில் 60 பைசா, மறு முனையில் ஒரு ரூபாய் என்றும் வரும்.

ரத்துக் கட்டணத்தையும் விலையோடு சேர்க்க வேண்டும், முதல் பதிலில் அதை விட்டுவிட்டேன். நம் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. விசா தாமதமானாலோ, பெரியவர்களுக்கு உடம்பு முடியாமல் போனாலோ டிக்கெட்டை விட வேண்டி வரும். 24,600 என்பது பெரும்பாலும் ரத்து செய்தால் டேக்ஸ் மட்டும் திரும்பும் ஃபேர். மைல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஆளுக்கு ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மைலையும் டேக்ஸையும் திருப்பித் தரும் திட்டங்கள் நிறைய. காலாவதியான மைல் மட்டும் வராது. அப்படியிருக்க, ரத்து செய்ய முடியாத காசு டிக்கெட்டோடு மைல் டிக்கெட்டை ஒப்பிட்டால் மைலைக் குறைத்து மதிப்பிடுகிறோம். நீங்கள் எப்படியும் ரத்து வசதியுள்ள ஃபேர்தான் எடுப்பீர்கள் என்றால், அந்த விலையை 24,600-க்குப் பதில் போடுங்கள். எடுக்க மாட்டீர்கள் என்றால் போடாதீர்கள். வாங்காத விலையோடு ஒப்பிட்டு மைலின் மதிப்பை ஏற்றிக் காட்டக் கூடாது. பிசினஸ் கிளாஸ் கணக்குகளில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. காசு விலை ஒன்றரை லட்சம், ஆகவே மைலுக்கு இரண்டு ரூபாய் என்பார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்து அவர்கள் போயிருக்கவே மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18% ஆகிவிட்டது, எகானமிக்கு 5% அப்படியே இருக்கிறது. காட்டப்படும் காசு விலையில் அந்த 18%-உம் உள்ளே இருக்கும்.

---

வியாசர்பாடி வாணி:

லண்டன் பார்க்கிறவங்களுக்கும் ஒரு வரி சொல்லிடறேன், இதே கணக்கு அங்கே இன்னும் பெரிசா அடிபடும். பிரிட்டன்லேருந்து கிளம்புற டிக்கெட்டுக்கு விமானப் பயணி வரி உண்டு, குறியீடு ஜிபி. சென்னையிலிருந்து போகும்போது கிடையாது, திரும்பும்போதுதான். எகானமியில 16 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்களுக்கு அந்த வரி இல்லை, அவங்க டிக்கெட்டுல ஜிபி வந்திருந்தா கேள்வி கேளுங்க. போகும்போது மைல், வரும்போது காசுன்னு ஒரு வழி டிக்கெட்டா பிரிச்சும் பாருங்க, சில தேதிக்கு அது மலிவா வரும். சில கம்பெனியில ஒரு வழி காசு டிக்கெட் போக வர விலைக்குச் சமமா இருக்கும், அப்ப வேண்டாம்.

ஏவியோஸ் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி கம்பெனிகளோட மைலுக்குப் பேர்) வச்சிருக்கிறவங்களுக்கு: பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஃபின்னேர் கணக்குகளுக்கு நடுவுல ஏவியோஸை ஒண்ணுக்கு ஒண்ணா மாத்திக்கலாம். அதே விமானத்துக்கு ஒரு தளத்துல ஒரு விலை, இன்னொரு தளத்துல வேற விலை வரும். பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல ஏவியோஸ் கூடுதலா கொடுத்து ரூபாயைக் குறைக்கிற தேர்வும் இருக்கு. அதுக்கும் மேலே சொன்ன வகுத்தல்தான்.

---

டோல்கேட் தேவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேடிப் பார்த்தேன். ஒருத்தருக்குத் தேடினா 23,100, ரெண்டு பேருக்கும் 23,100, மூணு பேர்லேருந்து 24,600. வரி விவரத்துல 7,400-ல ஒய்க்யூ மட்டும் 3,100. மூணாவது வாரத்துல மைல் சீட் ராத்திரி விமானத்துல மட்டும்தான் இருக்கு, விடியக்காலை 1.30-க்கு கிளம்புது. காசு டிக்கெட் காலை 10 மணி விமானம். இது ஏதாவது வித்தியாசம் பண்ணுமா?

---

எண்ணூர் அனல்:

பண்ணும் மேடம். 10 மணி விமானம்னா விம்கோ நகர்லேருந்து ஏர்போர்ட்டுக்கு நேர் மெட்ரோ, மாறவே வேண்டாம், ஆளுக்கு அதிகபட்சம் 50 ரூபாய். காலை 5 மணி ரயிலைப் பிடிச்சா மூணு மணி நேரம் முன்னாடி போய்ச் சேர்ந்துடலாம். 1.30 விமானத்துக்கு ராத்திரி 10.30-க்கு உள்ள இருக்கணும், போகும்போது மெட்ரோ ஓடும். திரும்பி வர்ற விமானம் எத்தனை மணிக்கு இறங்குதுன்னு பாருங்க. 11 மணிக்கு அப்புறம் இறங்கினா நாலு பேரு, பெட்டி எல்லாம் சேர்த்துப் பெரிய வண்டி பிடிக்கணும். வண்டிச் செலவை மைல் டிக்கெட் டேக்ஸோட கூட்டுங்க.

ஒய்க்யூ 3,100-ன்னா, அதே சீட் ஒய்க்யூ இல்லாத கூட்டாளித் திட்டத்துல தெரியுதான்னு ஒரு தடவை தேடிட்டு முடிவு பண்ணுங்க. டேக்ஸ் 4,300-ஆ இறங்கும். மைல் 32,000-லேயே நின்னா, 23,100 விலைக்குக் கூட மைலுக்கு 56 பைசா வரும், பாயிண்டுக்கு 28. போர்ட்டலோட கிட்டத்தட்ட சமம். அப்ப ரத்து வசதிக்காக மாமியாருக்கும் உங்களுக்கும் மைல் போடலாம்.

---

பெரம்பூர் லோகோ:

காசு டிக்கெட்டை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சுப் போடறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. முதல் ரெண்டு சீட்டை 23,100-க்கு எடுத்ததும் அந்த விலை தீர்ந்திருக்கும், அடுத்த ரெண்டு 24,600-தான். நாலு பேருக்கும் சேர்த்துப் போட்டிருந்தா நாலுமே 24,600. ஆக மிச்சம் 3,000 ரூபாய். போர்ட்டல்லயும் இதே மாதிரி ரெண்டு ரெண்டா தேடிப் பாருங்க. பையனை வீட்டுக்காரர் பிஎன்ஆர்ல சேர்த்துடுங்க, மாமியார் உங்களோட.